ஜம்ருத்துக்கு வந்த மணல் பைகள்

ஏப்ரல் 28, திங்கள்

டைரியின் முதல் பக்கத்தில் சொந்த விவரம் கேட்கிறார்கள். எழுதிவிடுகிறேன். பெயர் நாச்சிமுத்து. வயது நாற்பத்தாறு. ஊர் ஒண்டிப்புதூர். மனைவி தெய்வானை. வேலை, பஸ்ஸில் திடீரென்று ஏறி டிக்கெட் சோதிக்கும் செக்கிங் இன்ஸ்பெக்டர். எட்டு மாதமாக மட்டும் டிப்போ வாசலில் டைம் கீப்பர் கூண்டில் உட்கார்ந்து, எந்த வண்டி எத்தனை மணிக்குப் போனது என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். ரத்த வகை ஓ பாசிட்டிவ். உடல் குறைபாடு என்ற இடத்தில் ஒரு கோடு போட்டிருக்கிறேன்.

அந்தக் கோட்டுக்கு டாக்டர்கள் வைத்த பெயர் மல்டிபிள் ஸ்க்லரோசிஸ். சுருக்கமாக எம்.எஸ். ஒயர் மேலிருக்கும் ரப்பர் அங்கங்கே உரிந்துபோன மாதிரி நரம்பில் நடக்கிறதாம். நான் ஒன்று சொன்னால் கால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் செய்கிறது. டிப்போவில் எல்லோரிடமும் முழங்கால் சவ்வு என்று சொல்லி வைத்திருக்கிறேன். டிப்போ டாக்டருக்கு மட்டும் விஷயம் தெரியும். ஜூலை 30 அன்று அவர் என்னைப் பரிசோதித்து, நான் மறுபடி பஸ் ஏறலாமா, இல்லை கடைசிவரை கூண்டுதானா என்று எழுதிவிடுவார்.

"நரம்பு சமாச்சாரம் எனக்கு அவ்வளவாத் தெரியாதுங்க. பிசியோதெரபி காலேஜ்ல இதுக்கு ஆராய்ச்சி நடக்குதாமா. அங்க சேந்து, கால் பலம் எத்தனைன்னு சீல் வெச்ச பேப்பர் ஒண்ணு கொண்டாங்க. அதைப் பாத்துக் கையெழுத்துப் போடறேன்" என்றார். அதற்காகத்தான் இன்று அவினாசி ரோடு போனேன்.

ஆராய்ச்சி நடத்துவது சிந்துஜா என்ற பெண். தாராபுரத்துக்காரி, மேல்படிப்பு படிக்கிறாள். எம்.எஸ். வந்தவர்கள் எடை கட்டிப் பயிற்சி செய்தால் பலம் கூடுமா என்பதுதான் அவளுடைய கேள்வி. ஆளுக்கு ஒரு ஒட்டிய உறை கொடுத்தாள். உள்ளே ஏ இருந்தால் வீட்டிலேயே பன்னிரண்டு வாரம் பயிற்சி. அதற்குக் கணுக்காலில் கட்டும் மணல் பைகள், இழுக்கும் ரப்பர் பட்டைகள், படம் போட்ட அட்டை. பி இருந்தால் பன்னிரண்டு வாரம் ஒரு புத்தகம் மட்டும். அது முடிந்த பிறகுதான் பயிற்சி. கடைசியில் இரண்டு கூட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள்.

எனக்கு பி.

"மாத்திக் குடுத்துருங்க அம்மிணி. ஜூலை முப்பதுல எனக்கு ஒரு சோலி இருக்குது. பன்னெண்டு வாரம் சும்மா குந்தீருந்தா ஆவாது."

"நான் மாத்த முடியாதுங்க சார். கம்ப்யூட்டர் போட்டதுங்க."

பத்தொன்பது வருடமாக கண்டக்டர்கள் என்னிடம் சொல்லிவரும் பதில். மெஷின் போட்டதுங்க, நானில்லீங்க. ஒருவரையும் நான் விட்டதில்லை. ஆனால் அந்தப் பெண் என்னை விடவில்லை.

பக்கத்து நாற்காலியில் ஜம்ருத் என்று ஒருத்தி. கோட்டைமேட்டுக்காரி, நாற்பது வயதுக்குள் இருக்கும். கல்யாணப் பெண்களுக்கு மருதாணி போடுகிறவள். அவளுக்கும் இதே வியாதி. அவளுக்கு ஏ வந்துவிட்டது. "அல்லா, நான் என்ன பயில்வானா? எனக்குப் புக்கு குடுத்திருக்கலாம்ல" என்று அலுத்துக்கொண்டாள். உலகத்தில் நியாயம் எப்படி இருக்கிறது பாருங்கள். போன் நம்பர் வாங்கிக்கொண்டேன், எதற்கும் இருக்கட்டும் என்று.

கை ஊன்றாமல் முப்பது விநாடியில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழ முடிகிறது என்று அளந்தார்கள். நான் ஆறு. ஜம்ருத் எட்டு.

சிந்துஜா ஒரு அச்சிட்ட நோட்டும் கொடுத்தாள். தினமும் விழுந்தோமா, களைப்பு பத்துக்கு எத்தனை என்று அதில் எழுத வேண்டும். இன்று எழுதியது: விழவில்லை, களைப்பு 2. அது அவர்கள் நோட்டு. இது என் நோட்டு.

மே 1

விடுமுறை. களைப்பு 2. நாள் முழுக்கப் படுத்திருந்தேன், விடுமுறை என்பதால்.

மே 3

புத்தகம் படித்தேன். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்கிறது. மனதை லேசாக வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறது. ஆறாம் பக்கத்தில் ஒரு ஆள் பூங்காவில் உட்கார்ந்து சிரிக்கிறார். இவர் எந்தப் பஸ்ஸில் ஏறிப் பூங்காவுக்குப் போனார் என்று சொல்லவில்லை. மூடி வைத்துவிட்டேன்.

மே 7, புதன்

ஜம்ருத் போன் செய்தாள்.

"இன்ஸ்பெக்டர் அண்ணா, அந்த மணல் பை இன்னும் வேணுமா?"

"ஏம்மா, என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகலண்ணா. மூணு நாள் பண்ணேன், சலிச்சுப் போச்சு. பூ வரையற கைக்கு மணல் பை எதுக்கு? நீங்க பண்ணுங்க. நான் பண்ணதா எழுதிக்கறேன். அந்தப் பொண்ணு போன் பண்ணா நீங்க சொல்றதை நான் சொல்லிக்கறேன்."

இந்த இடத்தில் நான் நீண்ட நேரம் யோசித்ததாக எழுதத்தான் ஆசை. "சரிம்மா" என்று சொல்லி முடித்தபோது அவள் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள்.

தெய்வானைதான் ஸ்கூட்டியில் கோட்டைமேடு போய்ப் பையை வாங்கி வந்தாள். என் முன்னால் தொப்பென்று வைத்தாள்.

"இதையே ஒரு கண்டக்டர் பண்ணீருந்தா உட்டுருப்பீங்களா?"

"அது வேற, இது வேற."

"எப்புடிங்க வேற?"

"அது கவர்மெண்டு. இது என்ற காலு."

மே 9, வெள்ளி

பயிற்சி தொடங்கிவிட்டேன். அரைக்கிலோ மணல் பை, மஞ்சள் பட்டை. பத்துப் பத்தாக மூன்று சுற்று. சுலபம். குளியலறையில் சோப்பு டப்பா கீழே விழுந்துவிட்டது. அதை எடுக்கச் சற்று நேரமானது.

மே 12

சாயங்காலம் பயிற்சி முடித்துச் செய்தி பார்த்தேன். திரையில் கீழே ஓடும் எழுத்துகள் பாசி பிடித்த மாதிரி இருந்தன. பிறகு திரையே மங்கலாக இருந்தது. கேபிள்காரரிடம் சொல்ல வேண்டும்.

மே 13

இன்று எழுதுவது தெய்வானை. அவர் டிப்போ போயிருக்கிறார்.

கேபிளில் ஒரு கோளாறும் இல்லை. எனக்கு எல்லா எழுத்தும் தெரிந்தது. பக்கத்து வீட்டுக்குத் தெரியக்கூடாது என்று இவர் ஜன்னலை மூடி, ஃபேனைக்கூடப் போடாமல் மே மாதத்தில் பயிற்சி செய்கிறார். உடம்பு கொதித்துக் கண் மங்கிவிட்டது. "தெய்வா, கரண்டு போயிருச்சா" என்று கேட்டார். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஈரத் துண்டைக் கழுத்தில் சுற்றி ஃபேனுக்குக் கீழே உட்காரவைத்தேன். பத்து நிமிடத்தில் தெளிந்துவிட்டது. பத்து நிமிடமும் என் கையை விடவில்லை.

அப்புறம் அந்தப் புத்தகத்தை எடுத்து நான் படித்தேன். பதினோராம் பக்கத்தில் தெளிவாகப் போட்டிருக்கிறது. இந்த வியாதிக்காரர்களுக்கு உடம்பு சூடேறினால் கண் மங்கலாம், ஆறினால் தானாகத் தெளியும், நரம்புக்குப் புதிதாகக் கெடுதல் ஒன்றும் இல்லை. இவர் ஆறாம் பக்கத்தோடு நிறுத்திவிட்டார்.

வெள்ளிக்கிழமை குளியலறையில் விழுந்தது சோப்பு டப்பா இல்லை.

மே 14

என் டைரியில் யாரோ எழுதியிருக்கிறார்கள். கையெழுத்து மோசம். இனிமேல் இது பீரோவில் இருக்கும், சாவி என்னிடம்.

பயிற்சி நேரத்தை விடியற்காலைக்கு மாற்றிவிட்டேன், ஜன்னலையும் திறந்து. காற்றோட்டம் பிடிக்கும் என்பதால்.

மே 20, செவ்வாய்

வாராவாரம் புதன்கிழமை சிந்துஜா எங்கள் எல்லோருக்கும் போன் செய்வாள். அதனால் செவ்வாய்க்கிழமையே நான் ஜம்ருத்திடம் என் கணக்கை ஒப்படைக்கிறேன். இன்று ஒப்படைத்து முடித்தபின் அவள் கேட்டாள்.

"அண்ணா, அதைப் பண்ணி முடிச்சா உங்களுக்குக் கண்ணு கிண்ணு மங்கலாவுதா?"

"எனக்கா? சிங்காநல்லூர்ல நிக்கற பஸ்ஸோட நம்பர் இங்கிருந்து தெரியும்மா எனக்கு. ஒண்ணும் ஆகறதில்லை."

"ஓ. சும்மாதான் கேட்டேன்" என்று வைத்துவிட்டாள். அவளிடம் போய் கரண்டு போயிருச்சா என்று கேட்ட கதையையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?

மே 28, புதன்

இன்று மாட்டியிருப்போம். நேற்று ஜம்ருத்திடம் பின்னந்தொடை பிடித்துக்கொண்டது என்று சொல்லியிருந்தேன். காலையில் அவள் அதைத் தன் தொடையாகச் சிந்துஜாவிடம் சொல்லியிருக்கிறாள். "எந்தப் பக்கம்க்கா?" என்று அந்தப் பெண் கேட்க, இவள், "இருங்க, கேட்டுச் சொல்றேன்" என்றிருக்கிறாள்.

"யாரைக்கா கேக்கணும்?"

"காலைத்தான் கேக்கணும். நடந்து பாத்தாத்தானே தெரியும்."

போனை வைத்துவிட்டு எனக்குச் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பில் மூச்சு முட்டியது. எனக்கும்தான். டிப்போ வாசல் பெட்டிக்கடைக்காரர் கூண்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அரை மணி கழித்து என் முறை. "சார், புக்கு படிக்கறீங்களா?" "பதினோராம் பக்கம் வரைக்கும் படிச்சாச்சுங்க அம்மிணி." "சூப்பர் சார். வேற ஏதாச்சும் பயிற்சி பண்றீங்களா?" "பேனா புடிக்கறதோட செரிங்க."

ஜூன் 11, புதன்

மஞ்சளைவிடக் கெட்டியான பச்சைப் பட்டைக்கு வந்துவிட்டேன். மணல் பை ஒன்றரைக் கிலோ. சிந்துஜா ஜம்ருத்திடம், "அக்கா, என்ற ஆராய்ச்சியிலயே நீங்கதான் மொதல் ரேங்க்" என்று சொன்னாளாம். ஜம்ருத் அப்படியே என்னிடம் ஒப்பித்தாள். நாள் முழுக்க எனக்கு வாயெல்லாம் பல். கூண்டில் ஆறு வண்டிக்கு நேரம் தப்பாக எழுதிவிட்டேன்.

ஜம்ருத் இந்த மாதம் இரண்டு கல்யாண ஆர்டரை வேறொரு பெண்ணுக்கு விட்டுக்கொடுத்துவிட்டாளாம். "லீவு போட்டுட்டேண்ணா, ஜாலியா இருக்கேன்" என்றாள். கொடுத்துவைத்தவள்.

ஜூன் 15

பஸ்ஸின் கீழ்ப்படி தரையிலிருந்து எத்தனை உயரம் என்று அளந்து வந்து, அதே உயரத்துக்குக் கொல்லையில் ஹாலோ பிளாக் அடுக்கியிருக்கிறேன். தெய்வானை அதன் மேல் துணி ஊறவைத்த பக்கெட்டை வைக்கிறாள். நான் இறக்கிவைக்கிறேன். அவள் மறுபடி வைக்கிறாள். அதுவும் ஒரு பயிற்சிதான்.

ஜூன் 24, செவ்வாய்

இதை எழுதாமல் இருக்க முடியாது.

மதியம் டிப்போ ஷெட்டில் ஒரு வண்டி காலியாக நின்றது. சுற்றிலும் யாரும் இல்லை. கம்பியைப் பிடித்தேன். வலது காலை வைத்தேன். இடது காலும் பின்னாலேயே வந்தது, யோசிக்கவே இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று. உள்ளே நிற்கிறேன். பத்து மாதம் கழித்து. டீசல் வாடை, ரெக்சின் சீட், ஜன்னலோரம் யாரோ பிளேடால் கிறுக்கிய பெயர்கள். அழுகை வந்துவிட்டது. கடைசி சீட்டு வரை நடந்தேன்.

கடைசி சீட்டில் ஒரு டிரைவர் துண்டைப் போர்த்திப் படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்து, "டூட்டி முடிஞ்சுதானுங்க படுத்தேன்" என்றார்.

"படுங்க, படுங்க" என்றேன். நான் கண்ணைத் துடைப்பதைப் பார்த்துவிட்டு இன்னும் பயந்துபோனார்.

ஜூலை 9

விழவில்லை. களைப்பு 2. இன்று இரண்டுமே நிஜம். சிந்துஜாவின் நோட்டில் முதல்முறையாக உண்மை எழுதியிருக்கிறேன், அவளுக்குத்தான் வித்தியாசம் தெரியாது.

ஜூலை 21, திங்கள்

கடைசி அளவு எடுக்கும் நாள். அளந்தவர் அதே காலேஜில் பாடம் எடுக்கும் ஜான்சன் சார். யார் ஏ, யார் பி என்று அவருக்குத் தெரியக்கூடாது. நாங்களும் சொல்லக்கூடாது. முப்பது விநாடியில் பன்னிரண்டு முறை எழுந்தேன். ஆறு பன்னிரண்டாகியிருக்கிறது. "பயிற்சி நல்லா..." என்று தொடங்கிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் கூரையைப் பார்த்தேன்.

பிறகு ஜம்ருத் வந்தாள். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். என்னம்மா சினிமாக்காரி மாதிரி என்று கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் சுவரைப் பிடித்தபடி நடந்து வந்ததைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன். எட்டு எழுந்தவள் ஐந்துதான் எழுந்தாள்.

யார் எந்த உறை என்பது சிந்துஜாவுக்குத் தெரியும். இரண்டு தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். "மொத்தமே இருபத்திரெண்டு பேர்தானுங்க சார் கெடைச்சாங்க. ஒருத்தர் ஏறினாலும் எறங்கினாலும் கணக்கு சாஞ்சிரும். பயிற்சி பண்ணி ஒரு பிரயோசனமும் இல்லைன்னு வந்துரும் போல இருக்குது. வெள்ளிக்கெழமை எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல பூட்டிருவேன், பொறவு ஒண்ணும் மாத்த முடியாது. அன்னைக்கே உங்க சீல் வெச்ச பேப்பரும் வாங்கிக்குங்க." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சிரிப்பு ஒட்டவில்லை.

வெளியே டீக்கடையில் ஜம்ருத்திடம் கேட்டேன்.

"ஏம்மா இப்படி எளைச்சுப் போயிட்ட?"

"அண்ணா, இப்பச் சொல்றேன். சலிச்சுப் போயிக் குடுக்கலை அந்தப் பையை. மூணாம் நாள் பண்ணி முடிச்சு எந்திரிச்சேன், கண்ணு ரெண்டும் மங்கிப் போச்சு. கதவு எங்க இருக்குன்னு தெரியலை. மருதாணி போடற கண்ணுண்ணா இது. வெளிய சொன்னா எவ என்னைக் கூப்பிடுவா?"

"அந்தப் பொண்ணுகிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிச் சொல்றது? பையே உங்ககிட்டதான இருக்கு. அவ போன்ல ஏதோ சூடு, கண்ணுன்னு சொன்னா. மாட்டிக்குவோம்னு ஊம் ஊம்னு வெச்சுட்டேன். அப்புறம் உங்களைக் கேட்டேன். உங்களுக்கு ஒண்ணும் ஆகலைன்னீங்க. அப்ப எனக்கு மட்டும் வேற என்னமோ பெருசா இருக்குன்னு முடிவு பண்ணிட்டேன். அன்னைலேருந்து மாடிப்படிகூட ஏறறதில்ல. எங்க, உடம்பு சூடாயிடுமோன்னு."

டீ ஆறிவிட்டது. குடித்தேன். இரண்டு டீக்கும் காசு கொடுத்தேன்.

ஜூலை 22

சொல்லியிருக்க வேண்டும். டீக்கடையிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவளுக்கு வந்த பையை வாங்கிக்கொண்டேன், அதுகூடப் போகட்டும். பயந்துபோன ஒருத்தி, எனக்கு மட்டும்தானா என்று கேட்டாள். ஆமாம் உனக்கு மட்டும்தான் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். என் காலில் ஏறிய பலத்தை நினைத்தால் இன்று சந்தோஷமே வரவில்லை.

தெய்வானையிடம் சொன்னேன். இட்லி மாவைக் கரண்டியால் அடித்துக்கொண்டே கேட்டாள்.

"இப்ப என்ன பண்ணப் போறீங்க?"

"சொன்னா சீல் பேப்பர் கெடைக்காது. பேப்பர் இல்லீன்னா கூண்டுதான்."

"முப்பதாந் தேதி தாண்டட்டும். பொறவு சொல்லிக்குங்க."

"வெள்ளிக்கெழமை பூட்டிருவாளாமா. அப்புறம் அந்தப் புள்ள ஆராய்ச்சி பொய்தான்."

மாவு ரொம்ப நேரம் அடிபட்டது.

ஜூலை 23

ஒன்றும் எழுதுவதற்கில்லை. பேனாவை எடுத்தேன், வைத்தேன்.

ஜூலை 24, வியாழன்

காலை ஆறரைக்கு ஜம்ருத்துக்குப் போன் போட்டேன்.

"எனக்கும் ஆச்சும்மா. மே மாசம் பன்னெண்டாந் தேதி. டிவியே தெரியலை. கரண்டு போயிருச்சான்னு கேட்டேன். ஈரத் துண்டு போட்டுப் பத்து நிமிஷத்துல செரியாப் போச்சு. உன்கிட்டப் பொய் சொல்லிட்டேன்."

அவள் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. உட்கார்ந்தாள் போலிருக்கிறது.

"இதை அன்னைக்கே சொல்லியிருந்தா என்னண்ணா? ரெண்டு மாசம். ராவும் பகலும் குருடாயிடுவேன் குருடாயிடுவேன்னு உக்காந்திருந்தேன்."

"தப்புத்தாம்மா."

"ஏன் சொல்லலை?"

"வெக்கமா இருந்துச்சு."

"வெக்கமா?" என்றாள். திட்டியிருந்தால் தேவலை. பிறகு, "அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லத்தானே காலேஜுக்குப் போறீங்க? வர்ற வழியில என்னையும் ஏத்திக்குங்க. பொய் நானும்தான் சொன்னேன்" என்றாள்.

இரண்டு பேரும் சிந்துஜா முன்னால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்தோம். நான் சொன்னேன். விட்ட இடத்தை ஜம்ருத் சொன்னாள். சிந்துஜா மேஜையைத் துணியால் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

"ஒன்றரை வருஷம் சார்" என்றாள். "ஒவ்வொரு ஆஸ்பத்திரியா ஏறி எறங்கி உங்க இருபத்திரெண்டு பேரைக் கண்டுபுடிச்சேன். போன்ல எனக்கே தோணுச்சு, இந்த அக்கா தொடையைப் பத்திப் பேசறது என்னமோ மாதிரி இருக்குதேன்னு. நம்பினேன்."

"இப்ப எங்க நம்பரை மாத்திப் போட்டுக்கலாமுங்களா?"

"முடியாதுங்க. எந்த உறை எடுத்தீங்களோ அதுலயேதான் உங்க நம்பர் நிக்கும். அதுதான் சட்டம். இல்லீன்னா ஆளாளுக்குப் புடிச்ச மாதிரி மாத்திக்கலாமே. கீழ ஒரு குறிப்பு எழுதலாம், ரெண்டு பேர் பையை மாத்திக்கிட்டாங்கன்னு. படிக்கறவங்களுக்காச்சும் புரியும்."

"எங்க பேர் வருமுங்களா?"

"நம்பர்தான் வரும்."

"என்ற பேப்பரு..."

"காலேஜ் கமிட்டி பாத்து முடிவு பண்ற வரைக்கும் எந்தப் பேப்பரும் தர முடியாதுங்க சார்."

தெரிந்துதான் போனேன். இருந்தாலும் பேப்பரை வைக்க ஒரு பிளாஸ்டிக் கவர் கொண்டுபோயிருந்தேன், அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அவள் அதற்குள் நாற்காலியை ஜம்ருத் பக்கம் திருப்பிவிட்டாள். கண் எத்தனை நேரம் மங்கியது, வலி இருந்ததா, மறுநாள் எப்படி இருந்தது என்று கேட்டுக் கேட்டு எழுதினாள். பக்கத்துக் கட்டடத்து நரம்பு டாக்டரிடம் தானே கூட்டிக்கொண்டு போனாள். அவரும் பதினோராம் பக்கத்தையே சொன்னார். காலையில், குளிர்ச்சியாக, அரைக்கிலோவிலிருந்து தொடங்கலாம் என்றார்.

திரும்பும்போது ஆட்டோவில் ஜம்ருத் சொன்னாள். "ஒண்ணும் ஆகாதுன்னு எல்லாரும் சொல்றீங்க. ஏற்கெனவே ஒரு தடவை நம்பினேன் உங்களை. பாக்கலாம்."

ஜூலை 30, புதன்

டிப்போ டாக்டர் ஒரு வண்டியை நிறுத்தி ஏறச் சொன்னார். ஏறினேன். இறங்கி மறுபடி ஏறச் சொன்னார். ஏறினேன். கேட் வரைக்கும் வண்டியை ஓட்டச் சொல்லி என்னை உள்ளே நிற்கவைத்தார். நின்றேன்.

"பிரமாதமுங்க. பேப்பர் எங்க?"

"இல்லீங்க."

ஏன் இல்லை என்று சொன்னேன். முழுவதும் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "ஏறுனதை நான் என்ற கண்ணால பாத்தேன். ஆனா பேப்பர் இல்லாம எழுதுனா மேல என்னைக் கேப்பாங்க. நவம்பர்ல வாங்க, பாக்கலாம்." மறுபடி கூண்டு. மூன்று மாதம் என்பது கூண்டில் எத்தனை வண்டி என்று கணக்குப் போட ஆரம்பித்து நிறுத்திவிட்டேன்.

வெளியே வந்ததும் டிரைவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். "முழங்கால் சவ்வு எப்புடீங்க இருக்குது?"

"முழங்கால்ல ஒண்ணுமில்லீங்க. நரம்புல. எம்.எஸ்.னு ஒரு வியாதி" என்றேன். ஒருவர் டீ வாங்கிக் கொடுத்தார்.

ஆகஸ்ட் 2, சனி

பன்னிரண்டு வாரம் முடிந்ததால் எனக்கும் இப்போது முறைப்படி பயிற்சி. சிந்துஜா எனக்கென்று தனிப் பை கொடுத்திருக்கிறாள், என் பெயர் எழுதி. "யாருக்கும் குடுக்காதீங்க" என்று மட்டும் சொன்னாள். சிரித்தாளா என்று தெரியவில்லை. பழைய பையை எடுத்துக்கொண்டு காலை ஏழு மணிக்கு ஜம்ருத் வீட்டுக்குப் போனேன். தனியாகச் செய்யமாட்டேன், நீங்கள் எதிரில் உட்கார வேண்டும் என்று சொல்லியிருந்தாள்.

ஜன்னல் எல்லாம் திறந்திருந்தது. ஃபேன் ஓடியது. வாளியில் தண்ணீர், அதில் இரண்டு துண்டு. அரைக்கிலோ பையைக் கட்டினாள். நானும் கட்டினேன். எதிரெதிரே உட்கார்ந்து காலை நீட்டினோம், மடக்கினோம். முதல் சுற்று முடிந்தது. அவள் முகம் வெளிறிப்போயிருந்தது, பயிற்சியால் அல்ல. இரண்டாவது சுற்றில் எட்டாவது முறை காலை நீட்டியவள் அப்படியே நிறுத்திவிட்டாள்.

"வந்துடுச்சுண்ணா. மங்குது."

துண்டைப் பிழிந்து அவள் கழுத்தில் போட்டேன். நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஒவ்வொரு நிமிடமாகச் சொன்னேன். ஐந்து ஆனது. எட்டு ஆனது. பத்து நிமிடம் என்று நான்தான் வாக்குக் கொடுத்திருந்தேன். பத்தும் ஆனது.

"தெரியுதாம்மா?"

"இல்லை."

பதினொன்று. துண்டை மாற்றினேன். பிழியாமல் தண்ணீர் சொட்டச் சொட்டப் போட்டுவிட்டேன். எனக்குப் பத்து என்றால் எல்லோருக்கும் பத்தா? மறுபடி ஒரு பொய் சொல்லிவிட்டேனோ என்று பயந்துபோனேன். பன்னிரண்டு. பதின்மூன்று. சொல்வதை நிறுத்திவிட்டேன். அவளும் கேட்கவில்லை. முகத்தை என் பக்கம் திருப்பி அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணா."

"என்னம்மா?"

"சட்டைப் பட்டனை ஒண்ணு தள்ளிப் போட்டிருக்கீங்க."

குனிந்து பார்த்தேன். மேலிருந்து கீழ்வரை அத்தனையும் தப்பு. ஒண்டிப்புதூரிலிருந்து கோட்டைமேடு வரை அப்படியேதான் வந்திருக்கிறேன்.

ஜம்ருத் சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டக் கொட்டச் சிரித்தாள். என் சட்டையைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், மறுபடி சட்டையைப் பார்த்துச் சிரித்தாள். அவசரத்துல போட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"வெரலு சொன்ன பேச்சைக் கேக்கறதில்லைம்மா" என்றேன். "ஒரு மாசமாச்சு. தெய்வானைக்குக்கூடத் தெரியாது."